தனியாக ஆடுபவர் ஐந்தாவது மிஷனில் ஏன் நிற்கிறார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு ரியல்டைம் ஸ்ட்ராட்டஜி கேம் (முறைவைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் போரில் தளம் கட்டிப் படை நடத்தும் வகை) செய்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் விட்டிருக்கிறீர்கள். தரவரிசைக்காக மற்றவர்களோடு மோதும் ரேங்க் மேட்ச் ஆடும் கூட்டம் சிறியது, ஆனால் கலையாமல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரை எதிர்த்துத் தனியாக ஆடுபவர்கள். அவர்கள் ஐந்தாவது மிஷன் வாக்கில் நின்றுவிடுகிறார்கள். தினமும் உள்ளே வந்தால் பரிசு என்று வைக்கலாமா, அல்லது மெல்ல மற்றவர்களோடு ஆடும் மல்டிபிளேயர் பக்கம் இழுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இரண்டுமே அவர் யார் என்று தெரியாமல் போடும் கணக்கு.

தனியாக ஆடுபவரை இன்னும் தேறாத போட்டியாளர் என்றே நம் துறையில் பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் பழக்கிவிட்டால் ரேங்க் ஏணியில் ஏறிவிடுவார் என்ற நம்பிக்கை. ஆனால் அவர் வந்த காரணமே வேறு. சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு கோட்டையைக் கட்டி, ஒரு படையைத் திரட்டி, கதையை ஓரடி நகர்த்திவிட்டுப் படுக்கப் போகிறவர் அவர். நாளைக்கு வருவாரா என்பது அவருக்கே தெரியாது. வேலை அதிகமானால் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார். அந்த இடைவெளியை உங்கள் கேம் தாங்குகிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. நான் பார்த்தவரை, இவர்கள் தோற்றதால் விட்டுப் போவது குறைவு. திரும்பி வந்து உட்காரும்போது எங்கே விட்டோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பிடி கிடைக்காமல் மூடிவைப்பதே அதிகம்.

இந்த நோக்கில் பார்த்தால் தினசரிப் பரிசு எவ்வளவு கெடுதல் என்பது தெரியும். மூன்று வாரம் கழித்து வருபவரிடம் அது சொல்லும் முதல் சேதி, நீ வராததால் இத்தனை பரிசை இழந்தாய் என்பது. காசு கொடுத்து கேமை வாங்கியவரைக் கடன்காரர் போல நிற்கவைக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு மிஷன் என்பது ஒரே உட்காரலில் முடிகிறதா என்று பாருங்கள். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இன் முதல் கேம்பெய்ன் (மிஷன் மிஷனாக நகரும் தனியாள் கதை), விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி. அதில் 'தி டெவில்ஸ் பிளேகிரவுண்ட்' என்று ஒரு மிஷன். படை கட்டத் தேவையான கனிமம், அதாவது மினரல், 8000 சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. நல்ல மினரல் எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எரிமலைக் குழம்பு ஏறி வந்து பள்ளத்தை மூடும். எச்சரிக்கை கேட்டதும் மினரல் அள்ளும் வண்டிகளை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், ஏற்றாவிட்டால் போனது போனதுதான். குழம்பு வடிந்ததும் மறுபடி இறங்கலாம். பாறை விளிம்புகளை ஏறிக் குதித்துத் தாண்டும் ரீப்பர் படைவீரன் இந்த மிஷனில்தான் முதன்முதலாகக் கைக்கு வருகிறான், மேடும் பள்ளமுமான அந்த வரைபடம் அவனுக்கென்றே செய்தது போல இருக்கும்.

இதில் எத்தனை வேலை நடந்திருக்கிறது பாருங்கள். இலக்கை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வண்டிகளை இழந்தால் ஏன் இழந்தோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. குழம்பு ஏறுவதும் இறங்குவதுமே ஆட்டத்துக்குத் தாளம் கொடுக்கிறது, ஓட்டத்துக்கு நடுவே மூச்சுவிட இடம் தருகிறது. புதிய படைவீரனைப் பாடமாகச் சொல்லித்தராமல் தேவையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதே கேம்பெய்னில் 'அவுட்பிரேக்' என்ற மிஷனில் பகலில் நாம் போய்த் தொற்றுப் பிடித்த கட்டடங்களை எரிக்கலாம், இருட்டியதும் தொற்றுப் பிடித்தவர்கள் அலையலையாக வருவார்கள், நாம் கதவடைத்துக் காக்க வேண்டும். ஒவ்வொரு மிஷனுக்கும் இப்படி ஒரு தனி யோசனை உண்டு. 'தளம் கட்டு, எதிரித் தளத்தை அழி' என்ற ஒரே வேலையை வரைபடத்தை மட்டும் மாற்றி ஐந்து முறை கொடுத்தால், ஐந்தாவதில் நிற்பவரைக் குறைசொல்ல முடியாது. உங்கள் கேமை நான் ஆடிப் பார்த்ததில் மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் அந்த வகைதான். ஐந்தாவது ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது வேறு.

விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியின் இன்னொரு நல்ல முடிவைப் பலர் கவனிப்பதில்லை. மிஷனுக்கும் மிஷனுக்கும் நடுவே நீங்கள் ஹைப்பீரியன் என்ற கப்பலில் இருப்பீர்கள். அங்கே எதுவும் பற்றி எரியாது. கூட்டாளிகளோடு பேசலாம், கையில் இருக்கும் காசில் படைகளை மேம்படுத்தலாம், ஆய்வுக்கூடத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்து எந்த மிஷன் என்பதையும் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்யலாம். மாதம் கழித்துத் திரும்பி வருபவர் போர்க்களத்தின் நடுவில் திகைத்து நிற்காமல் கப்பலில் வந்து இறங்குகிறார். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தாலே விட்ட நூல் கைக்கு வந்துவிடும். முடித்த மிஷனை வேறு கடினத்தில் மறுபடி ஆடவும் வழி உண்டு.

இவ்வளவு பெரிய கப்பலைக் கட்ட உங்களிடம் ஆளும் பணமும் இல்லை என்பது தெரியும். அதைவிட மலிவான வழி ஒன்று 2004-லேயே இருந்தது. போக்கிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் சேமித்துவைத்த ஆட்டத்தை (சேவ்) மறுபடி திறக்கும்போது, கடைசியாக நீங்கள் செய்த சில காரியங்களைக் கறுப்பு வெள்ளையில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். சீரியலில் 'முன்கதை' ஓடுமே, அதேதான். அது ஸ்ட்ராட்டஜி கேம் இல்லை, ஆனால் அந்த யோசனை அதிகம் தேவைப்படுவது நம் வகைக்குத்தான். பாதி கட்டிய சுவர், ஆற்றுக்கு அக்கரையில் ஒளித்துவைத்த குதிரைப்படை, மேற்கிலிருந்து வரப்போகும் எதிரி என்று ஆடுபவரின் தலையில் மட்டும் இருக்கும் திட்டம் மூன்று வாரத்தில் ஆவியாகிவிடும். சேவ் திறந்ததும் ஆட்டம் நின்ற நிலையில் இருக்கட்டும். இலக்கு என்ன, கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, எந்தப் படை எங்கே என்று நாலு வரி காட்டுங்கள். ஆடுபவரே தனக்கு ஒரு வரிக் குறிப்பு எழுதிவைக்கவும் இடம் கொடுங்கள். உங்கள் புரோகிராமருக்கு இது பெரிய வேலையாக இருக்காது.

ஆட்டம் நிற்பதைப் பற்றி இன்னும் ஒன்று. தனியாக ஆடும்போது நிறுத்திவைத்துக் கட்டளை கொடுக்க முடிய வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் முடிய வேண்டும். 'தே ஆர் பில்லியன்ஸ்' முழுக்கமுழுக்க இதை நம்பி நிற்கும் ரியல்டைம் கேம். ஆயிரக்கணக்கில் ஜாம்பிகள் வருவார்கள், நீங்கள் நிறுத்திவைத்து நிதானமாகச் சுவர் எழுப்பலாம். அதனால் அந்த கேம் எளிதாகிவிடவில்லை, தவறினால் கோட்டையே போய்விடும். அது சோதிப்பது விரல் வேகத்தை இல்லை, யோசனையை. உங்கள் கேமில் நிறுத்தினால் கட்டளை கொடுக்க முடியாது என்று வைத்திருப்பது மல்டிபிளேயருக்காக எடுத்த முடிவு. தனி ஆட்டத்தில் அதற்கு ஒரு காரணமும் இல்லை.

நேர நெருக்கடி விஷயத்தில், சுற்றுச் சுற்றாக முறைவைத்து ஆடும் எக்ஸ்காம் 2 பட்ட பாடு நினைவிருக்கலாம். 2016-இல் வந்தபோது பல மிஷன்களில் இத்தனை சுற்றுக்குள் முடி என்று கெடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்து ஆடிப் பழகியவர்களை முன்னே நகர்த்துவதற்காக வைத்தது. வடிவமைப்பாளராக எனக்கு அந்த நோக்கம் புரிகிறது, நான் அதை ரசித்தும் ஆடினேன். ஆனால் வெளியான உடனேயே கெடுவைத் தளர்த்தும் மாட்களை, அதாவது கேமை மாற்றும் சொந்தச் சேர்க்கைகளை, ஆடுபவர்கள் செய்து பரப்பினார்கள், அவற்றுக்கு நல்ல வரவேற்பும் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த 'வார் ஆஃப் தி சோசன்' விரிவாக்கத்தில் கெடுவை இரட்டிப்பாக்கும் தேர்வை மெனுவிலேயே வைத்துவிட்டார்கள். முதல் நாளே வைத்திருந்தால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

கடினம் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று பொத்தான் வைத்து, எதிரிக்குக் கொடுக்கும் காசை மட்டும் கூட்டிக் குறைப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: நியாயம் என்பது கணக்கில் இருப்பது வேறு, மனசுக்குப் படுவது வேறு. நாடு வளர்த்து ஆளும் சிவிலைசேஷன் தொடரை உருவாக்கிய சிட் மெய்யர் 2010-ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் இதைப் பற்றித்தான் பேசினார். சிவிலைசேஷனில் மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போய்த் தோற்றால் ஆடுபவர்கள் கொதித்துப்போனார்கள். நாலில் ஒரு முறை தோற்பது கணக்குப்படி சரி, ஆனால் அவர்கள் ஏற்கவில்லை. ஒன்றுக்கு மூன்று என்ற பலக்குறைவோடு தாங்கள் போய் வென்றால் மட்டும் அது தங்கள் திறமை. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இதுதான் உங்கள் வாடிக்கையாளரின் மனசு. எக்ஸ்காம் தொடரில் கீழ்நிலைக் கடினங்களில், வரிசையாகக் குறி தவறினால் அடுத்த குறி விழும் வாய்ப்பைத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் கூட்டிக்கொடுப்பார்கள். சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேல்நிலைக் கடினத்தில் அந்தக் கைதூக்கல் இல்லாதவரை, அது சரியான உபசாரம்.

இதற்கு நேர்எதிர் வழியும் உண்டு. 2018-இல் வந்த 'இன்டு தி பிரீச்' எதையும் மறைக்காது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில், எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். உங்கள் அடி குறி தவறுவதே இல்லை. ஒவ்வொரு போரிலும் ஒரு முறை, அந்தச் சுற்றை முழுதாக அழித்து மறுபடி ஆடலாம். தோற்றால் அது முழுக்க உங்கள் கணக்குப் பிழை, எந்த இடத்தில் என்பதும் தெரியும். ஒரு போர் சில நிமிடங்களில் முடிந்துவிடும், நடுவில் மூடிவிட்டுப் போனாலும் விட்ட இடத்தில் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கூட ஆடலாம். சிறு குழுவுக்கு இந்த வழிதான் தோது, ஏனென்றால் திரைக்குப் பின்னால் சரிக்கட்டும் வேலையைச் சரியாகச் செய்ய நீண்ட சோதனை வேண்டும்.

கடினங்களுக்குப் பெயர் வைப்பதிலும் மரியாதை வேண்டும். உங்கள் கேமில் கீழ்நிலைக்குக் 'கத்துக்குட்டி' என்று பெயர். ஏன்? சிவிலைசேஷன் 5, 6 இரண்டிலும் கீழே குடியேறி, மேலே தெய்வம், நடுவில் இளவரசன், அரசன். எதைத் தேர்ந்தாலும் யாருக்கும் அவமானமில்லை. இளவரசன் நிலையில் யாருக்கும் சலுகை கிடையாது என்று அளவும் தெளிவாக இருக்கிறது.

இப்போது நீண்ட நாள் தக்கவைப்பது. இங்கே பாடம் படிக்க, வரலாற்றுப் போர்களை ஆடவைக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1999-இல் வந்த கேம் இன்னும் புதிய கேம்பெய்ன்களை விற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸின் பயிற்சிக் கேம்பெய்னை ஆடியவர்களுக்குத் தெரியும்: முதல் வரைபடத்தில் நடப்பதும் அடிப்பதும் மட்டும், அடுத்ததில் படைக்குச் சோறு தேடுவது, அதற்கடுத்ததில் படையைப் பயிற்றுவது. ஒரு வரைபடம், ஒரு பாடம், நடுவில் ஒரு கதை. 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பதிப்பில் இதற்கு மேல் 'ஆர்ட் ஆஃப் வார்' என்ற சவால்களைச் சேர்த்தார்கள். பொருளாதாரத்தை வேகமாக வளர்ப்பது, திடீர்த் தாக்குதலைத் தாங்குவது என்று ரேங்க் ஆட்டக்காரர்களின் வித்தைகளைச் சிறு துண்டுகளாக்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் கொடுக்கிறது. விரும்பினால் போய்ப் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் எதுவும் அடைபடாது. மல்டிபிளேயர் பக்கம் இழுப்பதென்றால் இவ்வளவுதான் இழுக்க வேண்டும். அதே பதிப்பில், எதிரியாக ஆடும் ஏஐ சும்மா கிடைத்த காசில் வெல்லாமல் நம்மைப் போலவே மரம் வெட்டி, வயல் உழுது வெல்கிறது. பழைய 1999 ஏஐ-தான் பிடிக்கும் என்பவர்களுக்கு அதையும் தேர்ந்தெடுக்கும்படி விட்டுவைத்தார்கள். அந்தக் கடைசி முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பழகிய எதிரியோடு இருபது ஆண்டாக ஆடிக்கொண்டிருப்பவரிடமிருந்து அவனைப் பிடுங்காமல் விட்டார்கள்.

பிறகு கதைகள். 2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் பாபர், தேவபாலன், ராஜேந்திர சோழன் மூவருக்கும் கேம்பெய்ன் உண்டு. வளையும் வாளான உருமியை ஏந்தும் வீரனும் திரிசடைக் கப்பலும் திராவிடர் பக்கத்துத் தனிப் படைகள். இந்தத் தொகுப்பு வந்தபோது, ஆண்டுக்கணக்கில் இந்த கேமைத் தொடாத என் நண்பர்கள் ராஜேந்திரனுக்காகவே மறுபடி இன்ஸ்டால் செய்தார்கள். தினசரிப் பரிசு எதுவும் அதைச் செய்திருக்காது. 2024 நவம்பரில் வந்த 'கிரானிக்கிள்ஸ்: பேட்டில் ஃபார் கிரீஸ்' இன்னும் ஒரு படி மேல். 21 காட்சிகள் கொண்ட ஒரே நீண்ட கேம்பெய்ன், ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, பாரசீகம் மூன்றும் புதிய தரப்புகள். வெளியானபோது அந்தத் தரப்புகளை வழக்கமான ரேங்க் ஆட்டத்துக்குள் விடாமல் தனியாக வைத்தார்கள். அதனால் எது யாருக்குச் சாதகம் என்ற சண்டையில் மாட்டாமல், தனி ஆட்டத்துக்கு எது சுவையோ அதைச் செய்ய முடிந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2-ம் இதைத்தான் செய்தது: மல்டிபிளேயரில் இல்லாத ஃபயர்பேட், கோலியாத், மெடிக் எல்லாம் கேம்பெய்னில் உண்டு. உங்கள் பேட்ச் (கேமுக்கு நீங்கள் விடும் திருத்தம்) குறிப்புகளைப் பார்த்தேன். ரேங்க் ஆட்டத்தில் ஒரு பீரங்கி மிஞ்சிப்போகிறது என்று அதன் பலத்தைக் குறைத்தீர்கள், கூடவே கேம்பெய்னிலும் குறைந்துவிட்டது. அந்தப் பீரங்கியை நம்பி அமைத்த நான்காவது மிஷன் அன்றிலிருந்து கடினமாகிவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி எண் அட்டவணை வையுங்கள். இதை இந்த வாரமே செய்யலாம்.

நீளமான ஆட்டத்தை யாரும் முடிப்பதில்லை என்ற கவலை பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. பலர் ஒரு முழு ஆட்டத்தைக் கடைசிவரை கொண்டுபோவதில்லை என்று சொல்லித்தான் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2025-இல் சிவிலைசேஷன் 7-ஐ மூன்று யுகங்களாக வெட்டியது. வெளியானபோது, யுகம் மாறினால் நீங்கள் ஆளும் நாகரிகமும் மாறியது. நோய் சரியாகத்தான் கண்டறியப்பட்டது, மருந்தை எல்லோரும் ஏற்கவில்லை. துண்டு போட்டதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை என்றே நினைக்கிறேன். தான் வளர்த்த நாடு கையைவிட்டுப் போனதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஐந்தாவது மிஷனை இரண்டாக உடைக்கும்போது இதை மனதில் வையுங்கள்: முதல் பாதியில் கட்டிய சுவரும் பிழைத்த வீரர்களும் இரண்டாம் பாதியில் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

வரைபடம் செய்யும் கருவியான மேப் எடிட்டர் ஒன்று இருக்கிறது, ஆனால் உள்வேலைக்கு மட்டும் என்றீர்கள். கரடுமுரடாக இருந்தாலும் அதை வெளியே விடுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ரசிகர்கள் செய்த 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' மாட்தான் 2013-இல் அதிகாரப்பூர்வ விரிவாக்கமாக வந்தது. அதைச் செய்த குழு ஸ்டுடியோவாக மாறி, இன்றுவரை அந்த கேமை வளர்க்கிறது. தனியாக ஆடுபவர்களில் ஒரு சிறு பகுதியினர் மற்றவர்களுக்குக் கதை செய்துகொடுப்பவர்களாக மாறுவார்கள், அவர்களுக்கு வாசல் வேண்டும்.

எங்கே நிற்கிறார்கள் என்பதைத் துல்லியமாக அறிய, ஒவ்வொரு மிஷன் முடிவிலும் ஒரு ஸ்டீம் அச்சீவ்மென்ட் (சாதனைப் பதக்கம்) வையுங்கள். எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்பது தானாகத் தெரியும், எங்கே சரிகிறது என்று வரைந்து பார்க்கலாம். மொத்தக் கணக்கைவிட, இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு வந்தவர்கள் எத்தனை நிமிடத்தில் வெளியேறுகிறார்கள் என்று தனியாக எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். உங்கள் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் பேசுபவர்கள் எல்லோரும் ரேங்க் ஆடுபவர்கள். தனியாக ஆடுபவர் அங்கே வரமாட்டார், புகார் எழுதமாட்டார், சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போவார். அவரிடம் நீங்கள் பேசக்கூடிய ஒரே இடம் கேமின் முதல் மெனு. கேம்பெய்னில் செய்த மாற்றத்தை அங்கே இரண்டு வரியில் சொல்லுங்கள், மூன்றாவது வரியாக 'உங்கள் பழைய சேவ் இந்தப் பேட்ச்சிலும் வேலை செய்யும்' என்று எழுதுங்கள். போன பேட்ச்சில் அது வேலை செய்யவில்லை, அதைச் சரிசெய்துவிட்டு எழுதுங்கள்.